ஏன் சுட்டான் என்று கேட்பதை மூன்றாம் நாளோடு நிறுத்திவிடாதீர்கள்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ் நாளிதழ், தொலைக்காட்சி, இணையச் செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

எங்கோ ஒரு பள்ளியில், தொழுகைக் கூடத்தில், பேரங்காடியில் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டுக் கொன்றான் என்று செய்தி வரும். முதல் நாள் பலி எண்ணிக்கை போடுகிறீர்கள். மறுநாள் அவன் படம், அவன் பெயர், அவன் எழுதி வைத்துவிட்டுப் போன அறிக்கை. மூன்றாம் நாள், ‘கொலையாளி மனநலம் பாதிக்கப்பட்டவர் எனப் போலீசார் சந்தேகம்’ என்று ஒரு வரி. அதோடு சரி. அடுத்த சம்பவம் வரும்வரை அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் பதின்வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்யும் பள்ளி ஆலோசகர். இப்படி ஒரு செய்தி வந்த வாரத்தில் பெற்றோரும் ஆசிரியர்களும், சில நேரம் பிள்ளைகளே, என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: ‘ஒரு மனுஷன் ஏன் இப்படிச் செய்யறான்?’ கேட்ட கையோடு பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்: ‘பைத்தியம் பிடிச்சிருக்கும்.’ அந்தப் பதில் அவர்களுக்கு உங்களிடமிருந்து போய்ச் சேர்ந்தது. பெரும்பாலான சம்பவங்களில் அது தவறான பதில். அதைவிட மோசம், மேற்கொண்டு யாரையும் கேட்கவிடாமல் அது கேள்வியை அங்கேயே மூடிவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொன்றவனுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் ‘அவன் பக்கத்தையும் யோசித்துப் பாருங்கள்’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, வரவும் கூடாது. ஆனால் அவன் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்று தெரிந்தால், அதே வழியில் இப்போது போய்க்கொண்டிருக்கும் இன்னொருவனைப் பாதியிலேயே நிறுத்த முடியும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பதையும் தெளிவாக்க வேண்டும். அமெரிக்காவில் 2020 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் 600க்கும் மேற்பட்ட கூட்டத் துப்பாக்கிச் சூடுகள் நடந்ததாக நீங்கள் போடும் கணக்கு ‘கன் வயலன்ஸ் ஆர்க்கைவ்’ என்ற அமைப்பின் கணக்கு. சுட்டவனைத் தவிர நான்கு பேர் மீதாவது குண்டு பாய்ந்தால், உயிர் போகாவிட்டாலும், அது அந்தக் கணக்கில் சேரும். தெருச்சண்டை, கும்பல் பகை, குடும்பத் தகராறு எல்லாம் அதில் அடக்கம். பொது இடத்தில், முன்பின் தெரியாதவர்களையும் சேர்த்து நான்கு பேரோ அதற்கு மேலோ கொல்லப்படுபவை ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவை. இரண்டும் கொடுமைதான். ஆனால் இரண்டுக்கும் காரணங்கள் வேறு. ஒன்றின் எண்ணிக்கையைப் போட்டுவிட்டு இன்னொன்றின் படத்தைப் பக்கத்தில் வைத்தால் வாசகருக்கு எதுவும் விளங்காது. இந்தக் கடிதத்தில் நான் சொல்வது இரண்டாவது வகையைப் பற்றி.

முதலில் அந்த ‘மனநலம் பாதிக்கப்பட்டவர்’ என்ற வரி.

2011 ஜூலை 22 அன்று நார்வேயில் ஒருவன் ஓஸ்லோவில் குண்டு வைத்து 8 பேரைக் கொன்றான். பிறகு உடோயா தீவுக்குப் போய், அங்கே இளைஞர் முகாமில் இருந்த 69 பேரைக் கொன்றான். நீதிமன்றம் அமர்த்திய முதல் மனநல மருத்துவக் குழு அவனுக்கு மனச்சிதைவு நோய் என்றது. இரண்டாவது குழு, தான் செய்வது இன்னதென்று தெரிந்தே செய்தான் என்றது. 2012 ஆகஸ்டில் நீதிமன்றம் இரண்டாவது முடிவை ஏற்றுக்கொண்டது. நாள்கணக்காக அவனோடு உட்கார்ந்து பேசிய நிபுணர்களே இரண்டுபட்டு நின்ற ஒரு விஷயத்தை, சம்பவம் நடந்த மூன்றாம் நாளே ஒரு காவல் அதிகாரியின் வாய்மொழியை வைத்து நாம் முடிவு செய்துவிடுகிறோம்.

2018இல் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ஓர் ஆய்வு வெளியிட்டது. 2000க்கும் 2013க்கும் இடையில் இப்படிச் சுட்ட 63 பேரின் கடைசி மாதங்களைத் துருவிப் பார்த்த ஆய்வு அது. அவர்களில் ஏதாவது ஒரு மனநோய் இருப்பதாக முன்பே மருத்துவர்களால் கண்டறியப்பட்டிருந்தவர்கள் கால் பங்கு. நிஜம் எது, பிரமை எது என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு நோய் இருந்ததாகக் கண்டறியப்பட்டிருந்தவர்கள் மூன்றே பேர். உலகம் முழுவதும் எத்தனையோ கோடிப் பேர் மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் மனச்சிதைவோடும் வாழ்கிறார்கள். அவர்கள் யாரையும் சுடுவதில்லை. பிறரால் அடிபடுவதும் ஏமாற்றப்படுவதும்தான் அவர்களுக்கு அதிகம் நடக்கிறது. உங்கள் அந்த ஒரு வரிக்கு விலை கொடுப்பவர்கள் அவர்கள். ‘டாக்டர்கிட்ட போனா என்னையும் சைக்கோன்னு சொல்லிடுவாங்க’ என்று சொல்லிச் சிகிச்சைக்கு வர மறுக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். உதவி கேட்டு வர வேண்டியவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது அந்த வரி.

மனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. சம்பந்தம் இருக்கிறது, வேறு இடத்தில். அமெரிக்க அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் சீக்ரெட் சர்வீசும் அந்நாட்டுக் கல்வித்துறையும் சேர்ந்து 2002இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்கள், அவற்றைச் செய்த 41 பேர். அவர்களில் 78 விழுக்காட்டினர் அதற்கு முன் தற்கொலையைப் பற்றி யோசித்தவர்கள் அல்லது முயன்றவர்கள். கிட்டத்தட்ட எல்லாருமே ஏதோ ஒரு பெரிய இழப்பையோ தோல்வியையோ சந்தித்ததாக நினைத்தவர்கள். பலர் உயிரோடு திரும்பும் எண்ணமே இல்லாமல்தான் உள்ளே போகிறார்கள். சாவது என்று முடிவெடுத்தவனிடம் ‘பிடிபட்டால் தூக்குதான்’ என்று மிரட்டி என்ன பயன்? பள்ளி வாசலில் ஆயுதக் காவலரை நிறுத்துவதும் அவனைப் பொறுத்தவரை பெரிய தடை இல்லை, அவன் தேடிப் போவதே அதைத்தான் என்று நினைக்கிறேன்.

1966 ஆகஸ்ட் 1 அன்று டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கோபுரத்தின் மேலேறி நின்று கீழே நடந்து போனவர்களைச் சுட்டவனின் கதையை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். இன்றும் அது பாதியாகத்தான் சொல்லப்படுகிறது. முன்னாள் மரைன் படைச் சிப்பாய், பொறியியல் மாணவன். தனக்குள் என்ன நடக்கிறது என்று தனக்கே புரியவில்லை, செத்த பிறகு என் உடலை அறுத்துப் பாருங்கள் என்று எழுதி வைத்திருந்தான். அறுத்துப் பார்த்தார்கள். மூளையில் ஒரு கட்டி இருந்தது. உலகம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது: கட்டிதான் காரணம்! ஆளுநர் அமைத்த நிபுணர் குழுவோ அந்தக் கட்டிக்கும் அவன் செயலுக்கும் உள்ள தொடர்பை உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. எல்லாரும் விட்டுவிடும் மறுபாதி இது. அந்த ஆண்டு மார்ச் மாதமே அவன் பல்கலைக்கழக மனநல மருத்துவரிடம் போயிருக்கிறான். அந்தக் கோபுரத்தின் மேல் ஏறி, மான் வேட்டைத் துப்பாக்கியால் மனிதர்களைச் சுடுவதைப் பற்றி யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறான். மருத்துவர் அதைக் குறித்தும் வைத்திருக்கிறார். அடுத்த வாரம் வரச் சொன்னார், அவன் போகவில்லை. நடந்தது அதே கோபுரத்தில், அவன் சொன்னபடியே. மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு அப்படி ஒரு விஷயம் மிக அரிது, யாரால் ஊகித்திருக்க முடியும்? ஆனால் கட்டியைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், இந்த மார்ச் மாதச் சந்திப்பைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜில்லியன் பீட்டர்சன், ஜேம்ஸ் டென்ஸ்லி என்று அமெரிக்காவில் பணிபுரியும் இரண்டு ஆய்வாளர்கள் 1966 முதல் நடந்த இத்தகைய சம்பவங்களை ஒவ்வொன்றாகத் தொகுத்தார்கள். சிறையில் உயிரோடு இருப்பவர்களிடம் பேசினார்கள், அவர்களுடைய பெற்றோர், ஆசிரியர், நண்பர்களிடமும் பேசினார்கள். அவர்கள் கண்டது ஒற்றைக் காரணத்தை இல்லை, ஒரு பாதையை. சின்ன வயதில் வீட்டிலோ வெளியிலோ பட்ட வன்முறை, அல்லது கண்ணால் பார்த்த வன்முறை. பிறகு, தாக்குதலுக்கு முந்தைய வாரங்களிலோ மாதங்களிலோ வாழ்க்கை நொறுங்கிப் போகும் ஒரு கட்டம். வேலை போயிருக்கும், உறவு முறிந்திருக்கும், பள்ளியிலிருந்து நீக்கியிருப்பார்கள், கூட இருப்பவர்களுக்கே ‘இவன் பழைய ஆள் இல்லை’ என்று தெரிந்திருக்கும். அடுத்து, தனக்கு முன் இதைச் செய்தவர்களைத் தேடித் தேடிப் படிப்பது. கடைசியாக, துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது.

இந்த நான்கும் சேர்ந்து இருக்கிற எல்லாரும் கொலைகாரர்கள் ஆவதில்லை. இப்படிப்பட்டவன்தான் செய்வான் என்று ஆளைப் பார்த்து முன்கூட்டியே சொல்லக்கூடிய அங்க அடையாளம் எதுவும் கிடையாது என்று மேலே சொன்ன 2002 அறிக்கையே சொல்கிறது. ஆகவே ‘தனிமை விரும்பி’, ‘கேம் விளையாடுபவன்’, ‘கறுப்புச் சட்டை போடுபவன்’ என்று உங்கள் கட்டுரைகளில் வரும் பட்டியல்களை விட்டுவிடுங்கள். அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு, பேசாமல் ஓரமாக உட்கார்ந்து படம் வரையும் அப்பாவிப் பிள்ளையை வகுப்பே ஒதுக்கி வைக்கும்.

நான் அறிந்தவரை எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டிய திருப்பம் ஒன்று உண்டு. ‘நான் வாழத் தகுதியில்லாதவன்’ என்று நினைத்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் ‘என்னை இப்படி ஆக்கினவர்கள் வாழத் தகுதியில்லாதவர்கள்’ என்று நினைக்கத் தொடங்குகிறான். துக்கம் வஞ்சமாகிறது. யாரைக் கைகாட்டுவது என்பதை அவன் சுற்றியிருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறான். ஒருவனுக்குப் பெண்கள், ஒருவனுக்குக் கறுப்பினத்தவர், ஒருவனுக்கு முஸ்லிம்கள், ஒருவனுக்குக் கூடப் படித்தவர்கள். துக்கத்தோடு இருப்பவனிடம் பேசிவிடலாம். வஞ்சம் வைத்தவனிடமும் பேசலாம், இன்னும் நேரம் எடுக்கும். ஆனால் அவனுக்கு ஏற்கெனவே ஒரு கதை தயாராகக் கிடைத்துவிட்டால், அதில் அவன்தான் நாயகன் என்றும் ஆகிவிட்டால், நம் பேச்சு எடுபடாது. அந்தக் கதையை யார் எழுதிக் கொடுக்கிறார்கள்?

கொலம்பைனைப் பாருங்கள். 1999 ஏப்ரல் 20. கொலராடோ மாநிலப் பள்ளி ஒன்றில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்றுவிட்டுத் தாங்களும் சுட்டுக்கொண்டார்கள். சில மணி நேரத்துக்குள் ஊடகங்கள் ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்தன: கேலி செய்யப்பட்ட, ஒதுக்கப்பட்ட இரண்டு பையன்கள், நீளக் கறுப்புக் கோட்டு அணியும் ஒரு குழுவைச் சேர்ந்தவர்கள், தங்களை அவமானப்படுத்திய விளையாட்டு வீரர்களைப் பழிவாங்கினார்கள். கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! நாள்குறிப்புகளும் விசாரணை ஆவணங்களும் வெளியே வந்தபோது சித்திரம் மாறியது. அது அடிப்படையில் ஒரு வெடிகுண்டுத் திட்டம். உணவுக் கூடத்தில் வைத்த குண்டுகள் வெடித்திருந்தால் நூற்றுக்கணக்கானோர் செத்திருப்பார்கள், யார் கேலி செய்தார், யார் செய்யவில்லை என்ற வேறுபாடே இல்லாமல். ஒருவனின் குறிப்புகள் முழுக்கத் தற்கொலை ஏக்கம். இன்னொருவனின் குறிப்புகள் முழுக்க மனித குலத்தின் மீதே இளக்காரம். அந்தக் கோட்டுக் குழுவில் அவர்கள் உறுப்பினர்களாகவே இல்லை.

திருத்தம் வந்து சேர்வதற்குள் கதை ஊரெல்லாம் போய்விட்டது. அவமானப்பட்ட ஏதோ ஒரு பையனுக்கு, ‘இப்படியும் பதில் சொல்லலாம்’ என்ற மாதிரியை அது கொடுத்தது. 2012 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றவன் கொலம்பைன் பற்றிய செய்திகளைச் சேர்த்து வைத்திருந்தான். முந்தைய கூட்டக் கொலைகளைக் கணினியில் அட்டவணை போட்டு வைத்திருந்தான். நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 2019 மார்ச் 15 அன்று 51 பேரைக் கொன்றவன் நார்வேக்காரனை முன்னோடியாகச் சொன்னான். 2022 மே மாதம் அமெரிக்காவின் பஃபலோ நகர அங்காடியில் கறுப்பினத்தவர் 10 பேரைக் கொன்றவன், கிரைஸ்ட்சர்ச் ஆளின் அறிக்கையிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து எழுதியிருந்தான். 2015இல் வந்த ஒரு கணித ஆய்வு, இப்படி ஒரு சம்பவத்துக்குப் பிறகு சராசரியாக 13 நாள் வரை அடுத்த சம்பவத்துக்கான வாய்ப்பு கூடியிருப்பதைக் காட்டியது. ‘ஏன்’ என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லும் அவசரப் பதில், அடுத்தவனுக்கான காரணங்களில் ஒன்றாகப் போய் நிற்கிறது. கசப்பாக இருந்தாலும் இதை உங்களிடம் நேரே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர்கள் யாருக்கும் தெரியாமல் திட்டம் போட்டார்கள் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. ‘அமைதியான பையன், இப்படிச் செய்வான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதாகப் போடுகிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். 2002 அறிக்கையின்படி 81 விழுக்காடு சம்பவங்களில் குறைந்தது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. தெரிந்தவர்களில் 93 விழுக்காட்டினர் நண்பர்கள், கூடப் படித்தவர்கள், உடன்பிறந்தவர்கள். சொல்வதற்கு யாரும் இல்லை, சொன்னால் நம்புவார்களா என்று சந்தேகம், காட்டிக்கொடுப்பதாகிவிடுமோ என்று தயக்கம். சிலர் சொல்லியும் இருக்கிறார்கள். 2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவில் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்கு ஆறு வாரம் முன்பே, ஜனவரி 5 அன்று, அவனுக்கு நெருக்கமான ஒருவர் எஃப்பிஐயின் தகவல் தொலைபேசியை அழைத்து, அவனிடம் துப்பாக்கி இருக்கிறது, பள்ளியில் போய்ச் சுடுவானோ என்று பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தகவல் மியாமி அலுவலகத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. எஃப்பிஐயே பிறகு ஒத்துக்கொண்டது.

என் தொழிலில் இருப்பதால் என்னை உறங்கவிடாத சம்பவம் மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் நடந்தது. 2021 நவம்பர் 30 காலை. கணக்குப் பாடத்துக்குக் கொடுத்த தாளில் 15 வயது மாணவன் ஒருவன் படம் வரைந்திருப்பதை ஆசிரியை பார்க்கிறார். ஒரு துப்பாக்கி. ஒரு தோட்டா. ரத்தம் வழியக் கிடக்கும் ஓர் உடல். ஓரத்தில், ‘எண்ணங்கள் நிற்க மாட்டேன் என்கின்றன, எனக்கு உதவுங்கள்’ என்று எழுதியிருக்கிறான். என் வாழ்க்கை உபயோகமற்றது என்றும் எழுதியிருக்கிறான். ஆசிரியை அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார், நல்லவேளை. ஆலோசகர் அவனை அழைத்துப் பேசுவதற்குள் அவன் அதையெல்லாம் கிறுக்கி மறைத்துவிட்டான். பெற்றோரை வரவழைத்தார்கள். 48 மணி நேரத்துக்குள் மனநல ஆலோசனைக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றபோது பெற்றோர் மறுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். பையன் வகுப்புக்குப் போனான். அவன் பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. அதில் நான்கு நாள் முன்பு அப்பா வாங்கிக்கொடுத்த கைத்துப்பாக்கி இருந்தது. துப்பாக்கி வாங்கியது தெரிந்த பெற்றோர் அந்த அறையில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மதியம் ஒரு மணிக்குள் அவன் சுடத் தொடங்கிவிட்டான். நான்கு மாணவர்கள் செத்தார்கள். 2024இல் தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியாக 10 முதல் 15 ஆண்டுச் சிறை கிடைத்தது.

இந்த விவரங்கள் எல்லாம் நீதிமன்றத்தில் வெளியே வந்தவை. சம்பவம் நடந்த அன்று இதை முதல் பக்கத்தில் போட்டவர்கள், இந்தத் தாளைப் பற்றியும் அந்த அறையில் நடந்த பேச்சைப் பற்றியும் எத்தனை வரி எழுதினீர்கள்? ஓர் ஆசிரியருக்கோ ஒரு பெற்றோருக்கோ உண்மையிலேயே பயன்படக்கூடிய செய்தி அதுதான். ஒரு பிள்ளை இப்படி எழுதினால் அவனைத் தனியே விடாதே, பையைப் பார், வீட்டில் ஆயுதம் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேள். ‘கேட்டால் தப்பாக நினைப்பார்கள்’ என்ற தயக்கத்துக்கு அன்று கொடுத்த விலை நான்கு உயிர்.

இன்னொன்றும் உங்கள் செய்திகளில் கண்ணில் படுவதே இல்லை. டெக்சஸ் கோபுரத்தில் ஏறியவன் அதற்கு முன் தாயையும் மனைவியையும் கொன்றிருந்தான். சாண்டி ஹூக் பள்ளிக்குப் போனவன் வீட்டில் படுக்கையில் இருந்த தாயைக் கொன்றுவிட்டுத்தான் கிளம்பினான். 2022 மே 24 அன்று டெக்சஸ் மாநிலத்தின் உவால்டி நகரப் பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவன் முதலில் சுட்டது பாட்டியை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 2020 ஏப்ரலில் 22 பேர் கொல்லப்பட்ட சம்பவம், கூட வாழ்ந்த பெண்ணை ஒருவன் அடித்துக் கட்டிப்போட்டதில் தொடங்கியது. அவன் அவளை அடிப்பதைப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன்பே போலீசிடம் சொல்லியிருந்தார். அந்தச் சம்பவத்தை விசாரித்த ஆணையம் 2023இல் கொடுத்த அறிக்கையில், வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைத் தனிப்பட்ட விவகாரமென ஒதுக்கியதைத்தான் அழுத்தமாகச் சுட்டிக்காட்டியது. இதைச் செய்பவர்கள் ஏறக்குறைய எல்லாருமே ஆண்கள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்த உண்மை, யாரும் எழுதாத உண்மை. வீட்டுப் பெண்ணை அடிப்பவனிடம் துப்பாக்கியும் இருந்தால் அது அந்த வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை என்று எழுதினால், எங்கோ ஓர் ஊரில் ஒரு புகாராவது கவனிக்கப்படும்.

துப்பாக்கி பற்றி நீங்கள் ஓரளவு சரியாகவே எழுதுகிறீர்கள், அதனால் நான் நீட்டவில்லை. துக்கமும் வஞ்சமும் எல்லா நாட்டிலும் இருக்கின்றன. உலக மக்கள்தொகையில் 5 விழுக்காடுகூட இல்லாத அமெரிக்காவில், ‘ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே’ என்ற ஆய்வு அமைப்பு 2018இல் வெளியிட்ட கணக்குப்படி பொதுமக்கள் கையில் 39 கோடித் துப்பாக்கிகள். 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட 12ஆம் நாளே ஆஸ்திரேலியா சட்டத்தை இறுக்க முடிவெடுத்து, சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கியது. கிரைஸ்ட்சர்ச்சுக்குப் பிறகு நியூசிலாந்து நாடாளுமன்றம் ஒரு மாதத்துக்குள் 119க்கு 1 என்ற கணக்கில் தடைச் சட்டம் நிறைவேற்றியது. 2017 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவின் லாஸ் வேகஸில் இசை நிகழ்ச்சிக் கூட்டத்தின் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றி எஃப்பிஐயின் நடத்தை ஆய்வுப் பிரிவு ஓராண்டுக்கு மேல் ஆராய்ந்து, தெளிவான ஒற்றை நோக்கம் எதுவும் தெரியவில்லை என்று அறிவித்தது. ‘ஏன்’ என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஓராண்டில் சுட்டவன் 50க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைக் கடைகளில் முறைப்படி வாங்கினான் என்பது தெரிந்தது. காரணம் பிடிபடாதபோதும் தடுத்திருக்கக்கூடிய இடம் பிடிபடுகிறது.

இனி உங்களிடம் நான் கேட்பது.

தற்கொலைச் செய்திகளின் அடியில், ஆலோசனைக்கான தொலைபேசி எண்களோடு ஒரு கட்டம் போடுகிறீர்கள். செய்தி எழுதும் விதம் ஓர் உயிரைத் தள்ளவும் கூடும், பிடித்து நிறுத்தவும் கூடும் என்று நீங்கள் ஏற்றுக்கொண்டதால்தானே அந்தக் கட்டம் வந்தது? அது சரியான முடிவு. 1980களில் வியன்னா நகரில் சுரங்க ரயில் முன் பாய்ந்து சாவது அதிகரித்தபோது, அதைப் பரபரப்பாக எழுத வேண்டாம் என்று பத்திரிகைகளுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தார்கள். 1987இன் நடுவில் பத்திரிகைகள் எழுதும் முறையை மாற்றிக்கொண்டன. அந்தச் சாவுகளும் முயற்சிகளும் சட்டென்று வெகுவாகக் குறைந்தன. அதே நியாயம் இங்கும் பொருந்தும். சாக முடிவெடுத்துக் கொல்லப் போகிறவனைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்?

அவன் படத்தைப் போடாதீர்கள், அதிலும் அவனே துப்பாக்கியோடு நின்று எடுத்துக்கொண்ட படத்தை. 2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்றவன், இரண்டு தாக்குதல்களுக்கு நடுவே அஞ்சல் நிலையம் போய் என்பிசி தொலைக்காட்சிக்குத் தன் படங்களையும் காணொளிகளையும் அனுப்பினான். எதற்காக அனுப்பினான் என்பது சந்தேகமில்லாமல் தெரியும். தொலைக்காட்சியும் அதை ஒளிபரப்பியது. பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் கொதித்துப் போய், அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கவிருந்த பேட்டிகளை ரத்து செய்தன. அமெரிக்காவின் அரோரா நகரத் திரையரங்கில் 2012இல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மகனைப் பறிகொடுத்த பெற்றோர், கொலையாளிகளுக்குப் புகழ் கொடுக்காதீர்கள் என்று ஓர் இயக்கமே தொடங்கினார்கள். நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஜெசிந்தா ஆர்டர்ன், கிரைஸ்ட்சர்ச் கொலையாளியின் பெயரை என் வாயால் சொல்ல மாட்டேன் என்று நாடாளுமன்றத்திலேயே அறிவித்தார். விசாரணைக்கும் வழக்குக்கும் தேவையான இடத்தில் பெயர் வரட்டும். தலைப்பில் வேண்டாம். ‘இதுவரை இல்லாத அளவு’, ‘முந்தைய எண்ணிக்கையை மிஞ்சியது’ என்று சாதனைப் பட்டியல் போல எழுத வேண்டாம். அந்தப் பட்டியலைக் கவனமாகப் படிக்கிறவர்கள் யார் என்று மேலே சொல்லிவிட்டேன்.

வெறுப்பை மூடி மறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. இனவெறியால் கொன்றான் என்றால் இனவெறி என்றே எழுத வேண்டும். பெண்வெறுப்பு என்றால் பெண்வெறுப்பு என்று. அந்த வெறுப்பு எங்கிருந்து வந்தது, அதை நாள்தோறும் ஊட்டி வளர்ப்பவர்கள் யார் என்று துருவி எழுதுங்கள். அவன் எழுதிய அறிக்கையை மட்டும் வரிக்கு வரி மொழிபெயர்த்துப் போடாதீர்கள். அதைத் தமிழில் படிக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

நீங்கள் போடாவிட்டால் வேறு யாராவது போடுவார்கள், பார்வையாளர்கள் அங்கே போய்விடுவார்கள் என்ற கவலை எனக்குப் புரிகிறது. கிரைஸ்ட்சர்ச் கொலையாளி நேரலையாகப் பரப்பிய காணொளியின் 15 லட்சம் பிரதிகளை முதல் 24 மணி நேரத்தில் நீக்கியதாக ஃபேஸ்புக் சொன்னது. அந்த வெள்ளத்தில் ஓர் ஆசிரியர் மறுப்பதால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். வியன்னா ஆசிரியர்களுக்கும் அதே கவலை இருந்திருக்கும். மாற்றிக்கொண்டார்கள், உயிர்கள் மிஞ்சின. எங்கள் பிள்ளைகள் உங்கள் பக்கங்களையும்தான் பார்க்கிறார்கள்.

கடைசியாக, திரும்பிப் போங்கள். உண்மையான பதில்கள் ஆறு மாதம், ஓராண்டு, சில நேரம் மூன்றாண்டு கழித்து வரும் விசாரணை அறிக்கைகளில்தான் இருக்கின்றன. அவை பெரும்பாலும் பொதுவில் கிடைப்பவை. ஒவ்வொரு பெரிய சம்பவத்துக்கும் ஒரு செய்தியாளரை ஒதுக்கி, அறிக்கை வரும் நாளில் அதை முழுதாகப் படித்து எழுதச் சொல்லுங்கள்: யார் என்ன கவனித்தார், யாரிடம் சொன்னார், அது எங்கே போய் நின்றது, துப்பாக்கி எப்படிக் கிடைத்தது. சம்பவத்தன்று எந்தப் பக்கத்தில் போட்டீர்களோ, அதே பக்கத்தில் அதைப் போடுங்கள். அதன் அடியிலும் அந்த உதவி எண் கட்டம் இருக்கட்டும், ‘உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படிப் பேசினால் யாரிடம் சொல்லலாம்’ என்ற ஒரு வரியையும் சேர்த்து.

இதற்கான விதிகளை ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். எழுதி, உங்கள் அலுவலகத்துக்குள் வைத்துக்கொள்ளாமல், வாசகர்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். அப்போதுதான் நீங்கள் அதை மீறும் நாளில் எழுதிக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கும். எழுதும்போது பள்ளி ஆலோசகர்களும் மனநல மருத்துவர்களும் கூட உட்கார வேண்டும் என்றால், கூப்பிடுங்கள். நான் வருகிறேன்.

இப்படிக்கு,
பதின்வயதுப் பிள்ளைகளோடு பணிபுரியும் ஒரு பள்ளி ஆலோசகர்